நம்ம வில் கடை வாடிக்கையாளர்களுக்கு: லிம்ப் விஷயமாக ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கும், பயிற்சிக்கு வரும் தம்பி தங்கைகளுக்கும், அவர்களைக் கூட்டி வரும் பெற்றோருக்கும் வணக்கம்.

கொஞ்ச நாளாக வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு குரல் பதிவு சுற்றிக்கொண்டிருக்கிறது. உங்களில் பாதிப் பேர் அதை எனக்கே அனுப்பி, "என்ன அண்ணே இது?" என்று கேட்டுவிட்டீர்கள். உச்சிப்புளிக் கடையில் வாங்கிய காம்பவுண்ட் வில் (நுனிகளில் சக்கரமும் கேபிளும் வைத்த வில்) இழுக்கும்போதே வெடித்துவிட்டதாம். பழைய லிம்புக்கு, அதாவது பிடிக்கு மேலும் கீழும் நீண்டு வளையும் வில்லின் கைக்கு, பெயிண்ட் அடித்துப் புதுசு என்று தள்ளிவிடுகிறோமாம். ஒரு லிம்ப் உடைந்தால் நாலு வாங்கச் சொல்லிக் காசு பிடுங்குகிறோமாம். படகுக்கு ஒட்டுப் போடத் தெரிந்தவனுக்கு வில்லுக்கு ஒட்டத் தெரியாதா என்று கடைசியில் ஒரு கேள்வியும் வருகிறது. போனில் ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லி மாளவில்லை. அதனால் எல்லாருக்கும் சேர்த்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. வில் உடைந்த அந்தத் தம்பிக்குக் கையில் சிராய்ப்போடு போயிற்று. கண்ணுக்குப் படவில்லை. அதுவே எங்களுக்குப் பெரிய நிம்மதி. அவருடைய அப்பா ரொம்ப நாளாக நம்ம கடைக்கு வருகிறவர், அவர்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. பிள்ளை கையில் வில் உடைந்தால் எந்தத் தகப்பனுக்கும் கோபம் வரும்.

ஆனால் அந்த வில் நம்ம கடையில் வாங்கியது இல்லை. சொந்தக்காரர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த பழைய வேட்டை வில் அது. எங்களிடம் நாண் மாற்றத்தான் வந்தது. உடைந்த துண்டைப் பிறகு என்னிடம் கொண்டுவந்து காட்டினார்கள். கீழ் லிம்பில், கேம் (நாண் ஓடும் சக்கரம்) உட்காரும் நுனிக்குப் பக்கத்திலிருந்து நீளவாக்கில் பிளந்திருந்தது. பிளவின் ஒரு பாதி வெள்ளை வெளேரென்று, கண்ணாடி நார் புதிதாகக் கிழிந்த மாதிரி இருந்தது. மறு பாதி பழுப்பேறி, உள்ளே அழுக்கும் நாண் மெழுகும் படிந்திருந்தன. கீறல் பழையது, அன்றைக்கு அது முழுசாகத் திறந்துகொண்டது, அவ்வளவுதான். இதுபோக, லிம்பைப் பிடியோடு இறுக்கும் லிம்ப் போல்ட் இரண்டையும் யாரோ கம்பெனி அனுமதிக்கும் அளவைத் தாண்டித் தளர்த்தியிருக்கிறார்கள். நாங்கள் நாண் மாற்றிக் கொடுத்தபோது போல்ட் இருந்த நிலை வேலைச் சீட்டில் எழுதியிருக்கிறது. வேண்டுமானால் வந்து பார்க்கலாம்.

போல்ட்டை ஏன் தளர்த்துகிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது இந்தப் பக்கம் அடிக்கடி நடக்கிறது. வேட்டை வில்லெல்லாம் அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் போகிறவர்களுக்காகச் செய்தவை. மரத்தில் பரண் கட்டி உட்கார்ந்து எய்ய வசதியாகக் குட்டையான வில், வேகத்துக்காக 60, 70 பவுண்டு இழுவை (நாணை இழுக்கத் தேவைப்படும் உச்ச பலம்). நம் ஊரில் வேட்டைக்கு இடமே இல்லை, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். (மன்னார் வளைகுடாத் தீவுப் பக்கம் மீன் அடிக்க வில் கிடைக்குமா என்று இன்னமும் சிலர் கேட்கிறீர்கள். அந்த 21 தீவும் கடல்சார் தேசியப் பூங்கா. கிடைக்காது.) ஆக அந்த வில் இங்கே வந்தால் பயிற்சிக்குத்தான். உலகப் போட்டி விதியிலேயே காம்பவுண்டுக்கு உச்சம் 60 பவுண்டு. பிளஸ் டூ படிக்கும் பிள்ளைக்கு 40, 45 போதும். 70 பவுண்டு வில்லை அந்த அளவுக்குக் கொண்டுவர போல்ட்டைச் சுற்றிக்கொண்டே போகிறார்கள். பெரும்பாலான வில்லில் 10 பவுண்டு வரைதான் அப்படிக் குறைக்க முடியும். அதற்கு மேல் போனால் லிம்ப் தன் பாக்கெட்டில் (அடி பொருந்தும் குழியில்) சரியாக உட்காராமல் ஆடும். ஆடும் இடத்தில்தான் விரியும்.

சரி, இப்போது ஒட்டுப் போடும் விஷயம். இதுதான் எனக்கு மனசு ஆறாத பேச்சு.

எங்கள் அப்பா மண்டபத்தில் ஃபைபர் படகு வேலை பார்த்தவர் என்பது உங்களுக்குத் தெரியும். நானும் மேட் (கண்ணாடி நார் விரிப்பு) வெட்டி, ரெசின் (பிசின்) கலந்து, உடம்பெல்லாம் அரித்துக்கொண்டு வளர்ந்தவன்தான். படகு பாறையில் இடித்து ஓட்டை விழுந்தால், சுற்றிலும் தேய்த்து, மேட்டை நாலைந்து அடுக்காகப் போட்டு, ரெசின் ஊற்றி உருட்டி, மேலே ஜெல்கோட் அடித்தால் மறுநாள் கடலுக்குப் போகலாம். ஒட்டு கொஞ்சம் தடிமனாக இருந்தாலும் குற்றமில்லை, தண்ணீர் வராமல் விறைப்பாக இருந்தால் போதும். மேட்டில் நார் எல்லாத் திசையிலும் கலைந்து கிடக்கும், அதனால் எங்கே ஒட்டினாலும் பிடித்துக்கொள்ளும்.

வில்லின் லிம்ப் அப்படிப்பட்ட ஃபைபர் இல்லை. அதில் கண்ணாடி நார் முழுக்க நீளவாக்கில், ஒரே திசையில், நுனி முதல் அடி வரை ஓடும். பிசின் எபாக்ஸி, சூட்டிலும் அழுத்தத்திலும் இறுக வைத்தது. லிம்ப் வளையும்போது வெளிப்புறத்து நார் இழுபடும், உள்புறத்து நார் நசுங்கும். ஒரு நார் அறுந்தால் அதன் பாரம் பக்கத்து நாருக்குப் போகும். அதன் மேல் நான் ரெசின் தடவினால் அறுந்த நார் சேராது. ஒட்டுப் போட்ட இடம் மட்டும் விறைத்துக்கொண்டு வளையாமல் நிற்கும், வளைய வேண்டியதெல்லாம் ஒட்டின் ஓரத்தில் வந்து சேரும், அடுத்த முறிவு அங்கேதான். அதுவும் பிள்ளையின் முகத்துக்குப் பக்கத்தில், இழுத்துப் பிடித்திருக்கும்போது.

காம்பவுண்டில் இன்னொன்றும் இருக்கிறது. மிசௌரிக்காரரான ஹாலஸ் வில்பர் ஆலன் 1969இல் இந்த வில்லுக்குக் காப்புரிமை வாங்கிய காலத்திலிருந்து கேம், கேபிள் இரண்டும் சேர்ந்து லிம்பை எப்போதும் இழுத்துப் பிடித்தே வைத்திருக்கின்றன. சாதா வில்லில் நாணைக் கழற்றிவிட்டால் அது ஓய்வெடுக்கும். காம்பவுண்ட் சுவரில் மாட்டியிருக்கும்போதும் லிம்ப் பாரம் தாங்கிக்கொண்டுதான் இருக்கிறது. ஒட்டு காய்ந்து இறுகுவதற்கு அது சும்மா இருக்கும் நேரம் என்று ஒன்று கிடையாது.

ஏன் நாலு? இன்றைக்கு வரும் வில் பலவற்றில் மேலே இரண்டு, கீழே இரண்டு என்று பிரித்துச் செய்த லிம்ப். ஒவ்வொரு லிம்புக்கும் எவ்வளவு பாரத்தில் எவ்வளவு வளைகிறது என்று கம்பெனியில் அளந்து, எண் போட்டு, ஒத்த எண்ணாகச் சேர்த்து மாட்டுகிறார்கள். பல நாள் உழைத்த மூன்று லிம்போடு புதிது ஒன்றைச் சேர்த்தால் ஒரு பக்கம் அதிகம் வளையும், கேம் சாயும், நாண் கேம் பள்ளத்தை விட்டுக் கழன்றால் வில்லே போயிற்று. ஒற்றை லிம்ப் கேட்டாலும் சில கம்பெனிகள் ஜோடியாகத்தான் அனுப்புகிறார்கள். எண் ஒத்துவந்து இரண்டு போதும் என்ற நிலையில் இரண்டுதான் மாற்றிக் கொடுத்திருக்கிறோம். அப்படி மாற்றியவர்கள் இதைப் படிப்பீர்கள், நான் சொல்வது சரியா என்று குழுவில் நீங்களே சொல்லுங்கள். நாலு லிம்ப் விற்றால் எங்களுக்கு நிற்கும் லாபத்தைவிட நாலு செட் அம்பு விற்றால் நிற்பது அதிகம்.

பெயிண்ட் அடித்து விற்கிறோம் என்பதற்கு ஒரு வரி போதும்: புது லிம்ப் எல்லாம் உங்கள் கண் முன்னால்தான் பெட்டி பிரிக்கிறோம், வரிசை எண் பில்லில் இருக்கிறது.

இனி லிம்ப் எதனால் போகிறது என்று, எங்கள் மேஜைக்கு வந்த வில்லுகளை வைத்துச் சொல்கிறேன். முதல் காரணம் வெறும் நாண் விடுவது, நம் பிள்ளைகள் சொல்லும் ட்ரை ஃபயர். திருவிழாவுக்கு வந்த மாமா, "கொடு மாப்ளே, ஒரு இழுவை பார்க்கிறேன்" என்று வாங்கி, ரிலீஸ் (நாணைப் பிடித்து விடும் கருவி) விரலில் தட்டி விட்டுவிடுவார். அம்பு இருந்தால் சக்தியின் பெரும்பகுதியை அது கொண்டு போகும். அம்பு இல்லாவிட்டால் அத்தனையும் லிம்பிலும் நாணிலுமே திரும்பி அடிக்கும். அன்றைக்கே உடையாது, மயிரிழைக் கீறல் விட்டுவிட்டுப் பிறகு ஒருநாள் காட்டும். அம்பின் பின்னால் நாணில் மாட்டும் நாக் விரிசல் விட்டிருந்தாலும் இதே கதைதான், விடும்போது நாக் நொறுங்கி அம்பு பாரம் வாங்காமல் போய்விடும். பத்து ரூபாய் பொருளைப் பார்க்காமல் விட்டு லிம்ப் போனவர்கள் உண்டு.

அடுத்து லேசான அம்பு. வேகமாகப் போகட்டும் என்று எடை குறைந்த அம்பு கேட்கிறீர்கள். ஒரு பவுண்டு இழுவைக்கு 5 கிரெய்னாவது அம்பு எடை இருக்க வேண்டும் என்பது பெரும்பாலான கம்பெனிகளின் கணக்கு. 50 பவுண்டு வில்லுக்கு 250 கிரெய்ன், அதாவது சுமார் 16 கிராம். அதற்குக் கீழே போனால் பாதி ட்ரை ஃபயர்தான். உத்தரவாதமும் செல்லாது. உத்தரவாதம் என்றதும் இன்னொன்று: பெரும்பாலான கம்பெனிகள் முதலில் வாங்கியவருக்கு மட்டும்தான் அதைத் தருகிறார்கள். கைமாறி வந்த வில்லுக்கு எங்களால் கேட்டு வாங்கித் தர முடியாது.

வெயிலைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சித்திரை, வைகாசியில் மைதானத்து ஓரம் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் 60 டிகிரியைத் தாண்டுவது உண்டு. ஏற்கெனவே பாரம் தாங்கி நிற்கும் லிம்பில் பிசின் அந்தச் சூட்டில் இளகினால் அடுக்கு பிரியும், நாணும் நீளும். வில்லைக் காரில் விட்டுவிட்டு டீக்கடைக்குப் போகாதீர்கள், கூடவே தூக்கிப் போங்கள்.

உப்புக்காற்று ஃபைபரைத் தின்னாது. ஆனால் 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தையே அரித்து, 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்த வைத்த காற்று இது. லிம்ப் போல்ட், கேம் அச்சு, அச்சு நுனியில் இருக்கும் சின்ன கிளிப், பேரிங் எல்லாம் இரும்புதானே. தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம் பிள்ளைகளின் வில்லில் கிளிப் துருப்பிடித்து விரல் பட்டாலே உடைவதைப் பார்க்கிறோம். பயிற்சி முடிந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். மண்ணெண்ணெய், டீசல் வேண்டவே வேண்டாம். படகு இன்ஜினுக்கு அது சரி, லிம்பிலும் நாணிலும் படக்கூடாது.

அப்புறம் வீட்டிலேயே கப்பியும் கயிறும் கட்டி இழுத்து நாண் மாற்றுவதை தயவுசெய்து விடுங்கள். லிம்பை எந்த இடத்தில் பிடித்து அமுக்க வேண்டும் என்பது வில்லுக்கு வில் மாறும். நடுவில் பிடித்து இழுத்தால் அங்கேயே மடியும்.

எய்யப் போகும் முன்னால் ஒரு துண்டுப் பஞ்சை லிம்பின் ஓரங்களில் மேலும் கீழுமாக ஓட்டிப் பாருங்கள். எங்கேயாவது நூல் இழுத்துப் பிடித்தால் அங்கே நார் எழும்பியிருக்கிறது. விரலால் தடவ வேண்டாம், நார் விரலில் ஏறிவிடும். இழுக்கும்போது இதுவரை கேட்காத டிக் சத்தம் கேட்டாலும், கேம் ஒரு பக்கம் சாய்ந்து தெரிந்தாலும், அம்பை எய்யாமல் நாணை மெதுவாகத் தளர்த்தி, வில்லைக் கீழே வைத்துவிட்டு எனக்குப் போன் செய்யுங்கள். பிள்ளை எவ்வளவு கெஞ்சினாலும் அன்றைக்கு இன்னொரு இழுவை வேண்டாம்.

நம்மிடம் பிரஸ் (லிம்பை அமுக்கி நாண் மாற்றும் கருவி) வேலை பார்த்த தம்பி சிங்கப்பூர் போய்விட்டார். நல்ல வேலை, நல்ல சம்பளம், சந்தோஷமாகத்தான் வழியனுப்பினோம். அதனால் நாண், லிம்ப் வேலை இனி சனி, ஞாயிறு மட்டும். டாலர் விலையும் இறக்குமதிச் செலவும் ஏறியதால் சர்வீஸ் கட்டணம் அடுத்த மாதம் முதல் 600 ரூபாய், லிம்ப் ஆர்டருக்கு முழுத் தொகை முன்பணம்.

2023 ஹாங்சோ ஆசியப் போட்டியில் நம் நாட்டு வில்வீரர்கள் ஜோதி சுரேகாவும் ஓஜாஸும் ஆளுக்கு மூன்று தங்கம் வாங்கி வந்த பிறகுதான் நம் மாவட்டத்துப் பிள்ளைகள் காம்பவுண்ட் வேண்டும் என்று கடை ஏறினார்கள். 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்ட் கலப்பு அணிப் போட்டியும் சேர்ந்துவிட்டது. இன்னும் நிறையப் பிள்ளைகள் வருவார்கள். அவர்களுக்கு இந்தக் கரையில் வில் பார்த்துக் கொடுக்க ஒரு கடை இருக்க வேண்டும் என்றுதான் நான் இதை விடாமல் நடத்துகிறேன்.

அந்தக் குரல் பதிவு வந்த அன்றைக்கே, யாரும் கேட்காமலே குழுவில் எனக்காகப் பேசிய கீழக்கரை, ஏர்வாடி பெற்றோர்களுக்கும், "அண்ணே, நாங்க இருக்கோம்" என்று கடைக்கே வந்து உட்கார்ந்த தொண்டிப் பிள்ளைகளுக்கும் என்ன சொல்லி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. கடை தொடங்கிய காலத்தில் ஒரு செட் அம்பை மூன்று தவணையில் வாங்கிப் போன குடும்பங்கள் இன்றைக்கும் இங்கேதான் வருகிறீர்கள். அந்த நம்பிக்கைக்குப் பங்கம் வர விடமாட்டேன்.

வேறு எங்கே வாங்கிய வில்லாக இருந்தாலும், வேட்டை வில்லாக இருந்தாலும், வருகிற இரண்டு ஞாயிறும் காலை 9 முதல் 1 மணி வரை லிம்ப் பார்த்துச் சொல்கிறோம். அதற்குக் காசு இல்லை. வில்லோடு நீங்கள் எய்யும் அம்பையும் கொண்டு வாருங்கள், எடை போட்டுப் பார்த்துவிடலாம். வில்லோடு வந்த குறிப்பேடு இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள்.

அன்புடன்,
கடை உரிமையாளர்
உச்சிப்புளி, ராமநாதபுரம் மாவட்டம்