கார் ஷெட்டைப் பூட்டி வைத்திருக்கும் அண்ணாச்சிமார்களுக்கு

பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, தென்காசிப் பக்கம் பழைய வீடுகளில் கார் ஷெட்டு வைத்திருக்கும் அண்ணாச்சிமார்களுக்கும் மதினிமார்களுக்கும் வணக்கம்.

உங்கள் ஷெட்டுக்குள் என்ன நிற்கிறது என்று பார்க்காமலே சொல்வேன். மேலே தார்ப்பாய். தார்ப்பாய்க்கு மேலே காலிச் சாக்கு, கல்யாண அண்டா, கால் உடைந்த தொட்டில். அடியில் நாலு டயரிலும் காற்றில்லாமல் ஒரு ஹெரால்டு காரோ பியட் காரோ. பழைய இரும்புக்காரர் இரண்டு தடவை வந்து விலை கேட்டிருப்பார். அவருக்கு வாக்குக் கொடுப்பதற்கு முன்னால் இதை வாசித்துவிடுங்கள்.

இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. எங்கள் அப்பாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டை எடைக்குப் போட்டவன் நான்தான். வீடு இடித்துக் கட்ட இடம் வேண்டியிருந்தது. கட்டிங் மெஷின் கொண்டுவந்து எங்கள் வாசலிலேயே அறுத்தார்கள். அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. ஸ்டியரிங்கை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டேன். இப்போது அது மாடிப்படிக்குக் கீழே ஆணியில் தொங்குகிறது. பேரன் அதை எடுத்து வைத்துக்கொண்டு பஸ் ஓட்டுகிறான்.

சாரல் தொடங்கினால் அப்பா வண்டியைக் குற்றாலத்துக்கு விடுவார். இரண்டே கதவு. முன்சீட்டை மடக்கிப் பின்னால் ஐந்து பேரைத் திணித்து, மடியில் புளியோதரைத் தூக்கு. அந்தப் பாரத்துக்குப் பின்சக்கரம் இரண்டும் கால் அகட்டி நிற்கும். ஆலங்குளத்தில் நிறுத்தி ரேடியேட்டருக்குத் தண்ணீர் விட வேண்டும். அப்பா பானெட்டைத் திறப்பதைப் பார்க்கவே பையன்கள் கூடிவிடுவார்கள். மற்ற காரில் மூடி மட்டும்தானே தூக்கும்? இதில் மட்கார்டு, லைட்டு எல்லாம் சேர்ந்து முன்பாதி முழுசாக முன்னால் கவிழும். பாவூர்சத்திரம் தாண்டி மலை தெரிந்ததும் கண்ணாடியை இறக்குவார். அந்தக் காற்றுக்கு ஒரு வாசனை உண்டு, அண்ணாச்சி. உங்களுக்கும் தெரியும்.

பள்ளிக்கூடக் காலத்தில் ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் ஜாகுவார் ஈ-டைப் என்ற இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் காரின் படம் பார்த்தேன். முன்பாதியைக் கவிழ்த்துத் திறந்து வைத்திருந்தார்கள். "எங்க வீட்டுக் கார் மாதிரியே இருக்குலே" என்று சொல்லி, ஒரு வருடம் வகுப்பு முழுக்கக் கேலி வாங்கினேன்.

நான் சொன்னது அப்படியொன்றும் பைத்தியக்காரத்தனம் இல்லை என்று பின்னால்தான் தெரிந்தது. ஈ-டைப் கிராண்ட் டூரர் வகை. இத்தாலிக்காரர்கள் கிரான் டூரிஸ்மோ என்பார்கள், சுருக்கமாக ஜிடி. நெடும்பயணம் என்று அர்த்தம். பந்தயக் காரின் ஓட்டமும் வேண்டும், பெட்டியோடு ஏறிய இரண்டு பேர் நானூறு மைல் போய் இறங்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொள்ளவும் கூடாது. 1951இல் வந்த லான்சியா அவுரேலியா பி20 ஜிடியைத்தான் இந்த வம்சத்துக்கு மூத்தது என்று பலர் சொல்கிறார்கள். ஈ-டைப் 1961இல் ஜெனீவா கண்காட்சிக்கு வந்தது. அதே 1961இல்தான் சென்னைப் பக்கம் வண்டலூரில் ஹெரால்டு பண்ண ஆரம்பித்தார்கள்.

ஹெரால்டில் 948 சிசி எஞ்சின்தான். ஈ-டைப்போடு ஓட்டத்தில் நிற்க முடியாது. ஆனால் ஜிடி வம்சத்தோடு சொந்தம் இருக்கிறது. ஹெரால்டை வரைந்தவர் ஜோவன்னி மிக்கெலோட்டி என்ற இத்தாலிக்காரர். அதே சேசிஸை, அதாவது அடிச்சட்டத்தை, குறுக்கி 1962இல் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற திறந்த ஸ்போர்ட்ஸ் கார் பண்ணினார்கள், அதுவும் அவர் வரைந்ததே. அதற்குக் கூரை போட்டு, ஆறு சிலிண்டர் 2 லிட்டர் எஞ்சினை இறக்கி, 1966இல் ஜிடி6 என்று விட்டார்கள். ஏழைக்கு ஈ-டைப் என்று அதற்குப் பட்டப்பெயர். ஆக, உங்கள் ஷெட்டில் கிடப்பது ஜிடி6க்குப் பெரியம்மா முறை.

இப்படிப்பட்ட வண்டி நின்றால் கெடும், ஓடினால் கெடாது. அமெரிக்காவில் இர்வ் கார்டன் என்ற பள்ளி ஆசிரியர் தன் 1966 வால்வோ பி1800ஐ 30 லட்சம் மைலுக்கு மேல் ஓட்டினார். அதிசயக் கார் ஒன்றும் இல்லை. தினமும் எடுத்தார், காலாகாலத்தில் ஆயில் மாற்றினார்.

அதற்காக ஆசையில் சாவியைப் போட்டுத் திருகிவிடாதீர்கள். பல வருடம் நின்ற எஞ்சினில் பிஸ்டன் ரிங் ஒட்டியிருக்கும். பிளக்கைக் கழற்றி ஓட்டைக்கு இரண்டு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு நாலு நாள் ஊறட்டும். பிறகு மெக்கானிக்கை விட்டுக் கையால் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். டேங்கில் இருப்பது இப்போது பெட்ரோல் இல்லை, பிசின். பிரேக் சிலிண்டர் ரப்பர் கல்லாகியிருக்கும். ஒயரை எலி கடித்திருக்கும், சத்தியமாக. பெட்ரோல் ஹோஸ் எல்லாவற்றையும் புதிதாகப் போடுங்கள். இன்றைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால், அந்தக் காலத்து ரப்பரை அது தின்றுவிடும்.

2021இல் வந்த விதிப்படி, 50 வருடம் தாண்டி, அசல் உருவம் மாறாமல் இருக்கும் வண்டிக்கு விண்டேஜ் பதிவு உண்டு. நம்பரில் விஏ என்று வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும். மரியாதைதான், மறுக்கவில்லை. ஆனால் கண்காட்சி, ரேலி, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்று சிலவற்றுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். அன்றாடம் ஓட்டக் கூடாது. நெடுந்தூரம் போகவே பிறந்த சாதியை இப்படிக் கொலுப்பொம்மை ஆக்குவது எனக்கு ஒப்பவில்லை. தாமிரபரணி மேலே நிற்கும் நம் சுலோச்சன முதலியார் பாலம் 1843இல் கட்டியது. வெள்ளம் கொண்டுபோனதைச் சரிசெய்தார்கள், பிறகு அகலப்படுத்தினார்கள், இன்றும் அதில் வண்டி போகிறது. வேடிக்கை பார்க்க மட்டும் என்று யாரும் கயிறு கட்டவில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். இந்த ஆனியில் சாரல் விழுந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியக் காலை பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்துப் பக்கம் வண்டியோடு வாருங்கள், ரேலியாகவே குற்றாலம் போவோம். போலீசுக்கு மனுக் கொடுக்கிற அலைச்சலை நான் பார்த்துக்கொள்கிறேன். எஞ்சின் எழும்பாவிட்டால் லாரியில் ஏற்றியாவது கொண்டுவாருங்கள். ஆர்.சி.யும் இன்ஷூரன்ஸும் சரியாக இருக்கட்டும். ரேடியேட்டருக்கு இரண்டு குடம் தண்ணீரும் இழுக்கக் கயிறும் நான் எடுத்து வருகிறேன். ஹெரால்டு கொண்டுவருகிறவருக்கு ஸ்டியரிங் வேண்டுமென்றால் என்னிடம் ஒன்று இருக்கிறது. பேரனிடம் கேட்டுத்தான் தர வேண்டும்.