பை வாங்குவது பற்றி நீ கேட்டது

கண்ணு,

நீ அனுப்பிய பையின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கூடவே ஒரே வரி: "பாரிஸ்ல வாங்கினா லாபமாம்மா?" போன் பண்ணினால் மீட்டிங் என்கிறாய், இல்லாவிட்டால் அப்புறம் கூப்பிடுகிறேன் என்கிறாய். அந்த அப்புறம் வருவதில்லை. அதனால் எழுதியே அனுப்புகிறேன். அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. மற்றதெல்லாம் பிறகு.

முதலில் கணக்கு. விலைச்சீட்டில் 2,000 யூரோ என்று போட்டிருந்தால் பிரான்சின் 20 சதவீத வரியும் அதற்குள்ளேயே இருக்கிறது. வெளிநாட்டுக்காரர் வாங்கிக்கொண்டு போனால் அந்த வரியைத் திருப்பிக் கேட்கலாம். அதற்காக 400 யூரோ திரும்பி வரும் என்று நினைக்காதே. 2,000-க்குள் அடங்கிய வரி 333 யூரோதான், விலையில் ஆறில் ஒரு பங்கு. அதிலும் நடுவில் நிற்கும் ரீஃபண்ட் கம்பெனி தன் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு பெரும்பாலும் 12 சதவீதம்தான் கைக்கு வரும். 240 யூரோ. பை 1,760-க்கு விழுகிறது.

இத்தோடு முடிந்தது என்று சந்தோஷப்படுகிறவர்கள்தான் அதிகம். நீ இறங்கப்போவது சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில். 48 மணி நேரத்துக்கு மேல் வெளியூரில் இருந்துவிட்டு வந்தால் 500 சிங்கப்பூர் வெள்ளி வரை ஜிஎஸ்டி இல்லை என்று உன் ஆபீஸில் யாராவது சொல்லியிருப்பார்கள். அது வேலை பாஸ், டிபென்டன்ட் பாஸ் வைத்திருப்பவர்களுக்குக் கிடையாது. முதல் வெள்ளியிலிருந்தே 9 சதவீதம் கட்ட வேண்டும். நீ இப்போது உன் சொந்த பாஸில் இருக்கிறாயா, மாப்பிள்ளை பாஸோடு சேர்ந்த பாஸிலா? எதுவானாலும் வரி ஒன்றுதான். சும்மாதான் கேட்டேன்.

அந்த 9 சதவீதம் 160-லிருந்து 180 யூரோ வரை ஆகும். அப்புறம் கார்டு. சிங்கப்பூர் வங்கிக் கார்டில் வெளிநாட்டுப் பணம் கட்டினால் 3 சதவீதத்துக்கு மேல் பிடிப்பார்கள், அது ஒரு 65 யூரோ. மெஷினில் "யூரோவா, சிங்கப்பூர் டாலரா" என்று கேட்டால் யூரோவைத் தொடு. டாலரைத் தொட்டால் அவர்கள் வைக்கிற மாற்று விலையில் இன்னும் கொஞ்சம் போகும். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார், திரும்பவும் 2,000 பக்கத்திலேயே வந்து நிற்கும். உன்னைப் பொறுத்தவரை வரி திரும்பி வருவது லாபம் இல்லை, போகிற பணத்துக்கு ஈடு, அவ்வளவுதான்.

இதில் ஒரு வசதியும் உண்டு. நீ மூளையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பை செய்கிற கம்பெனியின் பிரான்ஸ் வலைத்தளத்திலும் சிங்கப்பூர் வலைத்தளத்திலும் ஒரே மாடல் எண்ணைப் போடு. இரண்டு விலையையும் நேருக்கு நேர் வைத்துப் பார். ஐரோப்பாவில் விலை குறைவாகத்தான் இருக்கும், எவ்வளவு குறைவு என்பதுதான் விஷயம். பத்து சதவீதத்துக்குக் கீழே என்றால் உன் தெருமுனைக் கடையிலேயே வாங்கு. ஜிப் ரன்னர் சிக்கினால் மறுநாளே கொண்டுபோய்க் கொடுக்கலாம். பதினைந்துக்கு மேல் என்றால், எப்படியும் போகிற ஊர்தானே, வாங்கிக்கொள். பைக்காக டிக்கெட் போடுவது மட்டும் வேண்டாம். லண்டனுக்கும் போவாய் என்றால் அங்கே வாங்காதே. கையில் கொண்டுபோகிற பொருளுக்கு வரி திருப்பித் தருவதை 2021 ஜனவரி 1 முதல் நிறுத்திவிட்டார்கள்.

இனி பை. படத்தில் இருக்கிற அந்தப் பழுப்புப் பை தோல் பை இல்லை, உனக்கே தெரிந்திருக்கும். லூயி விட்டான் மோனோகிராம் என்பது பருத்தித் துணியின் மேல் பிளாஸ்டிக் பூச்சு. கைப்பிடியும் ஓரப்பட்டையும் மட்டும்தான் மாட்டுத்தோல், அதுவும் சாயம் போடாதது. மழைத்துளி பட்டால் வட்டமாகக் கறை நிற்கும், கை வியர்வையில் கறுத்துக்கொண்டே போகும். சிங்கப்பூர் மழைக்கு அது ஆகுமா என்று யோசி. ஆனால் அந்தப் பூச்சுத் துணி மழை தாங்கும், உழைக்கும். ஷனேலில் ஆட்டுக்குட்டித் தோல் பை கையில் எடுத்தால் வெண்ணெய் மாதிரி இருக்கும், நகம் பட்டாலே கோடு விழும். ரயிலில் ஏறி இறங்குகிறவளுக்கு அது வேண்டாம். மலைப்பாம்பு, முதலைத் தோல் பக்கமே போகாதே. சைட்டிஸ் தாள், அதாவது அரிய விலங்குத் தோலுக்கான அனுமதி, இல்லாமல் எல்லை தாண்டினால் பையே பறிபோகலாம்.

கடையில் கொடுத்ததும் லோகோவைப் பார்க்காதே. ஓரத்தைப் பார். இரண்டு தோலை ஒட்டிய இடத்தை மூடத்தான் எட்ஜ் கலர் அடிக்கிறார்கள். நல்ல வேலை என்றால் ஒரு கோட் அடித்து, காயவிட்டு, உப்புத்தாளில் தேய்த்து, மறுபடி அடிப்பார்கள். இப்படி மூன்று நான்கு தடவை. ஓரத்தில் நகத்தை மெல்ல ஓட்டு. தோல் சேர்ந்த கோடு நகத்தில் தட்டக் கூடாது. கைப்பிடியை ஒரு முறை மடக்கி, மடிப்பில் மயிரிழை மாதிரி வெடிப்பு தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பார். காசு மிச்சம் பிடிக்க ஒரே கோட்டாகக் கனமாக அடித்தால் அங்கேதான் முதலில் விடும். நம் பக்கத்துப் புழுக்கத்தில் பிசுபிசுக்கவும் செய்யும்.

அப்புறம் கைப்பிடி பையோடு சேருகிற இடம். மொத்தப் பாரமும் அங்கேதான். தையல் முடிகிற இடத்தில் இரண்டு மூன்று தையல் திரும்பி வந்திருக்க வேண்டும். எர்மேஸில் ஒரே நூலில் இரண்டு ஊசி போட்டுக் கையால் தைக்கிறார்கள், அதில் ஒரு தையல் அறுந்தாலும் அடுத்தது பிடித்துக்கொள்ளும். மெஷின் தையலில் மேல் நூல், கீழ் நூல் என்று இரண்டு. ஒன்று அறுந்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டே வரும். ரன்னரைப் பத்துத் தடவை ஓட்டு. கடைப் பெண் முறைத்தால் முறைக்கட்டும். உன் சம்பளம், உன் பணம். இந்த வீட்டில் அப்படி ஒரு கடைக்குள் தலை நிமிர்ந்து போகிற முதல் ஆள் நீதான்.

பை எங்கே வாங்கினாலும் பிளாஸ்டிக் கவரில் மட்டும் மூடி வைக்காதே, பூஞ்சை பிடித்துவிடும். உள்ளே வெள்ளைத் தாளைத் திணி. செய்தித்தாள் மை லைனிங்கில் ஏறும்.

விமான நிலையத்துக்கு மூன்று மணி நேரம் முன்னாலேயே போய்விடு. கடையிலேயே பாஸ்போர்ட்டைக் காட்டித் தெதாக்ஸ் படிவம், வரியைத் திருப்பிக் கேட்கிற தாள், வாங்கிக்கொள். பணம் கார்டுக்கே வரட்டும், ரொக்கமாகக் கேட்டால் அதற்கும் தனியாகப் பிடிப்பார்கள். படிவத்தில் ஒரு பார்கோடு இருக்கும். விமான நிலையத்தில் லக்கேஜ் போடுவதற்கு முன்னால், முன்னால்தான், பாப்லோ என்று எழுதிய மெஷினில் அதைக் காட்ட வேண்டும். பச்சை வந்தால் முடிந்தது. சிவப்பு வந்தால் பக்கத்துச் சுங்கக் கவுன்ட்டருக்குப் போ, பையைக் காட்டச் சொல்வார்கள். லக்கேஜில் போட்டுவிட்டால் எதைக் காட்டுவாய்? அதற்குத்தான் மூன்று மணி நேரம் முன்னால் போ என்கிறேன். நடுவில் வேறு ஐரோப்பிய ஊரில் விமானம் மாறுகிறாய் என்றால், பையைக் கையில் கொண்டுபோனால் கடைசி ஐரோப்பிய ஒன்றிய விமான நிலையத்தில்தான் சுங்கத்தில் படிவத்தைக் காட்ட வேண்டும். சாங்கியில் சிவப்பு வாசல். முதல் நாளே போனில் கஸ்டம்ஸ் ஆப்பில் கட்டிவிட்டால் வரிசையில் நிற்க வேண்டாம். சொல்லாமல் வந்துவிடலாம் என்று நினைக்காதே. பில் கார்டில் இருக்கும், பை தோளில் இருக்கும்.

இன்னொன்று. படிவம் யார் பேரில் இருக்கிறதோ அவர்தான் நேரில் போய்க் காட்ட வேண்டும். ஒருவர் வாங்கியதை இன்னொருவர் காட்ட முடியாது, இரண்டு பேர் பில்லைச் சேர்க்கவும் முடியாது. நீ அனுப்பிய டிக்கெட்டில் ஒரு பேர்தான் இருந்தது. அப்பா அதைப் பார்த்துவிட்டு மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லையோ என்றார். இருக்கும் என்றேன். தீபாவளிக்கும் அதைத்தான் சொன்னேன். பொங்கலுக்கும்.

ஷிப்மென்ட் தேதி நெருங்கினால் எங்கள் பை ஃபேக்டரியில் என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியும். கன்டெய்னர் கேட்டில் நிற்கும். கைப்பிடி அடியில் ஒரு தையல் தப்பியிருக்கும். பார்த்தும் பாஸ் ஸ்டிக்கர் ஒட்டுவோம், லைனிங்குக்குள்ளே யார் பார்க்கப் போகிறார்கள் என்று. கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னாடி நீ அடுப்படிக்கு வந்து சொன்னாயே, எனக்குக் காது கேட்காமல் இல்லை. மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தாச்சு என்றேன். பால் பொங்குகிறது என்று திரும்பிக்கொண்டேன். பால் பொங்கவில்லை. அன்றைக்கும் பாஸ்தான் போட்டேன்.

அப்பாவிடம் நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை. நீ சொல்லச் சொன்னால் சொல்கிறேன்.

கடையில் இருந்தே கைப்பிடி சேருகிற இடத்தைக் கிட்டத்தில் வைத்து ஒரு படம் எடுத்து அனுப்பு, ஓரத்தையும். பணம் கட்டுவதற்கு முன்னால். இப்போது பாரிஸில் மாலை ஆறு மணி என்றால் இங்கே ராத்திரி ஒன்பதரைதான். அப்பா அதற்குள் தூங்கிவிடுவார். நான் கூடத்தில் தனியாகத்தான் இருப்பேன்.

அம்மா