செட்டிகாம்பில் வண்டியைத் திருப்பி நிறுத்தச் சொன்ன பெரியவருக்கு

கனடாவின் கேப் பிரெட்டன் தீவில், செட்டிகாம்ப் கடலோரத்தில் எங்கள் ஆர்வி வண்டியை (உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டி) பார்த்துவிட்டுப் பிக்கப்பிலிருந்து இறங்கி வந்தவருக்கு இந்த நன்றி. பெயர் கேட்கக்கூடத் தோன்றவில்லை.

"ராத்திரி சுவெட் அடிக்கும்" என்றார். சுவெட் என்பது மலையிலிருந்து சரிந்திறங்கும் தென்கிழக்குக் காற்று. சில சமயம் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டும். பக்கவாட்டில் வாங்கினால் உயரமான வண்டி தாங்காது. முகப்பைக் காற்றுக்கு நேராகத் திருப்ப வைத்தார். சுருளாமல் மக்கர் பண்ணிய வெயில்மறைப்பை அவரே கயிறு போட்டு இறுக்கினார். காசு நீட்டினால் சிரிக்கிறார்!

முன்பதிவு இல்லாத பயணம், காற்று ஓயும்வரை கூடுதலாகத் தங்கியதில் நஷ்டமில்லை. அப்புறம் தீவைச் சுற்றும் 298 கிலோமீட்டர் சாலையான கேபட் டிரெயிலை நிதானமாகச் சுற்றினோம். கேலிக் மொழி ஊர்ப்பலகைகள், ஸ்காட்லாந்துக் குடியானவர் குடிசை மாதிரியில் கட்டிய லோன் ஷீலிங், எல்லாம் பார்த்தாயிற்று. ரொம்ப நன்றி, ஐயா.

அந்தப் பக்கம் ஆர்வியில் போகிறவர்கள் காற்று முன்னறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.