பாதியில் விளக்கைப் போட்ட திரைப்படச் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாகிகளுக்கு வணக்கம்.

போன ஞாயிறு மாலை ‘வெள்ளைப் புலி’ என்ற ரஷ்யப் போர்ப் படத்தை முடிவுக்கு முன்பே நிறுத்தினீர்களே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். அது உங்களுக்கும் தெரியும், அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும், அதனால் முதலிலிருந்து விளக்கப் போவதில்லை. ‘வெள்ளைப் புலி’ படத்தை இன்னொரு முறை, முழுதாக, கடைசிப் பெயர்ப்பட்டியல் வரை திரையிடுங்கள். கேட்க வந்தது இதுதான்.

கடைசி மோதலில் கதாநாயகன் நைதியோனோவுடைய சோவியத் டி-34 டாங்கியின் பீரங்கிக் குழாய் வெடித்துப் பிளக்கிறது, அவன் துரத்தி வந்த வெள்ளை டாங்கி, பேய்போல வந்து மறையும் அந்த ஜெர்மன் ‘டைகர்’, அடிபட்டுப் பின்வாங்கி மறைகிறது. சரியாக அங்கே விளக்கைப் போட்டீர்கள். மின்விசிறிகள் நின்றன, பின்வரிசையில் நாற்காலி அடுக்கும் சத்தம் கேட்டது, திரையில் படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் போய் மடிக்கணினியை மூடினார். ஏன் என்று கேட்டதற்கு, “சண்டையெல்லாம் முடிஞ்சுருச்சுங்க, இனிமே வெறும் பேச்சுதான், எட்டரைக்கு மண்டபத்துச் சாவியைக் கொடுக்கணும்” என்று பதில் வந்தது.

சாவியை நேரத்துக்குக் கொடுக்கத்தான் வேண்டும், அதில் தகராறு இல்லை. ஆனால் ஆறு மணி என்று அழைப்பிதழில் போட்ட படம் ஏழு தாண்டித்தானே தொடங்கியது? வரவேற்புரை, வாழ்த்துரை, பொன்னாடை, அப்புறம் படத்தையே பார்த்திராத ஒருவருடைய சிறப்புரை. அதில் ஒரு நிமிடத்தைக்கூட உங்களால் வெட்ட முடியவில்லை. வெட்டியது படத்தைத்தான்.

என் அக்கா மகனை வற்புறுத்தி அழைத்து வந்திருந்தேன். கல்லூரியில் படிக்கிறான், கைப்பேசியில் டாங்கி விளையாட்டு ஆடி ஆடி டைகர் டாங்கியின் எடை 57 டன், பீரங்கி 88 மில்லிமீட்டர் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். இப்படிப்பட்ட பையனுக்குப் போரைப் பற்றி வேறு மாதிரி யோசிக்க ஒரு படம் கிடைத்ததே என்றுதான் கூட்டி வந்தேன். வெளியே வந்ததும், “மாமா, பேய் டாங்கி தப்பிச்சுருச்சு, அவ்வளவுதானா கதை?” என்றான். அவனைக் குறை சொல்ல முடியாது, அவன் பார்த்த வரைக்கும் கதை அவ்வளவுதான்.

நீங்கள் ‘வெறும் பேச்சு’ என்று நிறுத்திய பகுதியில் என்ன இருக்கிறது என்று சொல்கிறேன். பெர்லினில் கார்ல்ஸ்ஹார்ஸ்ட் பகுதி, 1945 மே மாதம், ஜெர்மனியின் சரணாகதி ஒப்பந்தம். சோவியத் தளபதி ஷூக்கோவ் முன்னால் ஜெர்மன் தளபதி கைட்டல் கையெழுத்துப் போடுவதை இயக்குநர் கரேன் ஷாக்னசாரோவ் அவசரமே இல்லாமல் காட்டுகிறார். அது முடிந்ததும் தோற்ற ஜெர்மன் தளபதிகள் மூவரும் ஒரு மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், ஸ்ட்ராபெர்ரி வருகிறது, அதைச் சாப்பிட்டுக்கொண்டே பேசுகிறார்கள். கோடிக்கணக்கானவர்கள் செத்த போர் இப்படி ஒரு சாப்பாட்டு மேசையில் வந்து முடிகிறது. அதைப் பார்க்கையில் வயிற்றைப் பிசையும், டாங்கிச் சண்டை எதுவும் எனக்கு அதைச் செய்யவில்லை.

அதற்கப்புறம் சோவியத் அதிகாரி மேஜர் ஃபெதோத்தோவ் திறந்த வெளியில் நைதியோனோவைத் தேடி வந்து போர் முடிந்துவிட்டது என்கிறார். உடம்பில் பெரும்பகுதி வெந்துபோன நிலையில் கருகிய டாங்கிக்குள்ளிருந்து உயிரோடு எடுக்கப்பட்டவன், பெயரே மறந்துபோனவன், டாங்கிகள் தன்னோடு பேசுவதாக நம்புகிறவன், அவன் ஒப்புக்கொள்வதில்லை. வெள்ளை டாங்கியை எரிக்கும் வரை போர் முடியாது, அது எங்கோ பதுங்கி இருபது வருடமோ ஐம்பது வருடமோ நூறு வருடமோ காத்திருக்கும் என்கிறான். கடைசியாக, கணப்பு எரியும் ஓர் இருட்டு அறையில் ஹிட்லர், முகம் தெரியாத ஒருவரிடம் பேசுகிறான். ஐரோப்பா ரகசியமாக ஆசைப்பட்டதைத்தான் செய்தோம் என்கிறான், போருக்குத் தொடக்கமும் முடிவும் கிடையாது என்கிறான். படம் அங்கேதான் முடிகிறது.

அந்த முடிவை நான் முழுதாக ஏற்றுக்கொள்கிறவன் இல்லை. கடைசி வார்த்தையை ஹிட்லர் வாயில் கொடுத்தது சரியா என்ற கேள்வி எனக்கு இன்னமும் உண்டு. 2012-இல் வந்த ரஷ்யப் படம் இது. 2014-இல் உக்ரைனின் கிரிமியாவை ரஷ்யா இணைத்துக்கொண்ட விஷயத்தில் புதினை ஆதரித்துக் கையெழுத்திட்ட கலைஞர்களில் இதன் இயக்குநரும் ஒருவர். 2022-இல் ரஷ்ய டாங்கிகளே உக்ரைனுக்குள் போன பிறகு, எதிரி எங்கோ பதுங்கிக் காத்திருக்கிறான் என்ற அந்த வசனத்தைப் பழைய காதோடு கேட்க முடியுமா? அது எச்சரிக்கையா, அடுத்த போருக்கான சாக்கா? ஒரு திரைப்படச் சங்கம் உட்கார்ந்து பேச வேண்டியது இதைத்தானே? முடிவையே காட்டாமல் எதைப் பேசுவது?

இது இந்த ஒரு படத்தோடு போகிற விஷயமும் இல்லை. போர்ப் படம் என்றாலே குண்டு வெடிக்க வேண்டும், வெடித்து முடிந்தால் வீட்டுக்குப் போகலாம் என்ற எண்ணம் சங்கத்துக்குள்ளேயே ஊறிப்போயிருக்கிறது. உங்கள் சுவரொட்டியிலேயே ‘அதிரடி டாங்கி யுத்தம்’ என்று போட்டிருந்தீர்கள். இப்படியே போனால் ஊரில் இருக்கும் திரையரங்குகள் போதும், சங்கம் என்று தனியாக ஒன்று எதற்கு, சந்தா எதற்கு? கோபத்தில் எழுதுகிறேன் என்று தெரிகிறது, மன்னித்துக்கொள்ளுங்கள். இந்த மண்டபத்தில் உட்கார்ந்துதான் நான் படம் பார்க்கவே கற்றுக்கொண்டேன், அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு. அதனால்தான் இவ்வளவு வலிக்கிறது.

யூடியூபில் கிடைக்கிறதே, வீட்டில் பார்த்துக்கொள்ளுங்களேன் என்று உங்களில் ஒருவர் சொன்னார். இந்தப் படத்தை எடுத்த ரஷ்ய நிறுவனம் மோஸ்ஃபில்ம் தன் படங்கள் பலவற்றை அங்கே இலவசமாகப் போட்டிருப்பது எனக்கும் தெரியும். நான் வீட்டில் பார்த்துக்கொள்வேன். அன்றைக்கு மண்டபத்தில் இருந்த மற்றவர்கள் தாங்கள் முழுப்படம் பார்த்துவிட்டதாகத்தானே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்? அவர்களுக்கு யார் சொல்வது?

ஆகவே தயவுசெய்து ‘வெள்ளைப் புலி’யை மறுபடியும் போடுங்கள், முழுதாகப் போடுங்கள். ஒன்றே முக்கால் மணி நேரம்தான். ஆறு மணிக்குத் தொடங்கினால் எட்டுக்குள் முடிந்துவிடும், பேசவும் அரை மணி நேரம் மிஞ்சும். உரைகளை அன்று ஒருநாள் தள்ளி வையுங்கள். போன முறை முடிவு காட்டப்படவில்லை என்பதை அழைப்பிதழிலேயே ஒரு வரி சேர்த்துவிட்டால் வந்தவர்கள் திரும்ப வருவார்கள். மண்டப வாடகைதான் சிக்கல் என்றால் என் பங்காக ஒரு தொகை தருகிறேன், இன்னும் சிலரிடமும் கேட்டு வாங்கித் தருகிறேன். தேதியை முடிவு செய்துவிட்டுச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சங்க உறுப்பினர் ஒருவர்