செயலாளரின் ஆண்டறிக்கை: கிரவல் கிடங்குத் துப்புரவு

தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, கமக்காரர் அமைப்பு, மாதர் சங்க உறவுகளே, வணக்கம்.

மாதாந்தக் கூட்டங்கள் வழமைபோல் நடந்தன. தெரு விளக்கு, மயானக் கொட்டகை பற்றிய கடிதங்கள் கோவையில் இருக்கின்றன, விரும்பியவர்கள் பார்க்கலாம். நான் நின்று சொல்லவேண்டியது காட்டுக்கரைக் கிரவல் கிடங்குகளைப் பற்றி, அதாவது வீதிக்குப் போடும் சரளைமண்ணை வெட்டியெடுத்த பள்ளங்களைப் பற்றி.

2009இல் போர் முடிந்த பிறகு கண்டி-யாழ்ப்பாணம் ஏ9 வீதிக்கும் வீட்டுத்திட்டங்களுக்கும் வன்னியில் கிரவல் வெட்டினார்கள். டிப்பர்கள் போய்விட்டன, எங்களுக்கு மூன்று கிடங்குகள் மிச்சம். பிறகு இரவிரவாக யார் யாரோ கோழிக்கழிவும் பழைய ஒயிலும் கொண்டுவந்து கொட்டினார்கள். "வெட்டினவன் வந்து மூடட்டும்" என்று பலர் சொன்னதில் நியாயம் உண்டு. 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கச் சட்டமும் நிலத்தைச் சீராக்கும் பொறுப்பை வெட்டியவர் தலையில்தான் வைக்கிறது. ஆனால் மாரியில் கிடங்கு நிரம்பி வழிந்தால் அந்தத் தண்ணி அவர் வீட்டுக்கா போகிறது? எங்கள் குளத்துக்குத்தான் வருகிறது.

முதல் சிரமதானம் படுதோல்வி. வைகாசியில், வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு முந்தின நாள் ஞாயிறைக் குறித்தது என் பிழை. தலைவரும் நானும் இரண்டு மண்வெட்டியும்தான் அங்கே நின்றோம்.

ஆடியில் நிலைமையை மாற்றியது ஒரு ஜாம் போத்தல். உயர்தரம் படிக்கும் பிள்ளை ஒருவர் கிடங்குத் தண்ணியை அதில் அள்ளி வீடுவீடாகக் கொண்டுபோனார். அடியில் செம்மண், மேலே வானவில் மாதிரி ஒயில் படலம். ஒரு அம்மம்மா மணந்து பார்த்துவிட்டு, "இதையே பிள்ளை எங்கட மாடு குடிக்குது?" என்று கேட்டார். அடுத்த ஞாயிறு அவருடைய பேரன்மார் இருவரும் வந்து நின்றார்கள். ஒலிபெருக்கியில் கூப்பிட்டபோது அசையாதவர்கள்கூட, "அண்ணை, உங்கட உழவு இயந்திரம் ரெண்டு மணித்தியாலம் வேணும்" என்று படலையடியில் நின்று கேட்டபோது மறுக்கவில்லை.

டயர், பொலித்தீன், உடைந்த பற்றரி எல்லாம் வெளியே வந்தன. பற்றரியில் ஈயமும் அமிலமும் இருப்பதால் கையுறை இல்லாதவர்களைத் தொட விடவில்லை. ஒருநாள் கரையில் துருப்பிடித்த பொருளொன்று தெரிந்தது. போர்க்கால வெடிபொருளாக இருக்குமோ என்று உடனே எல்லாரையும் வந்த வழியே வெளியேற்றிப் பொலிசாருக்கு அறிவித்தோம். அன்று வேலை நடக்கவில்லை, கஞ்சி மட்டும் முடிந்தது.

அமெரிக்காவில் பென்சில்வேனியாவிலே கைவிட்ட நிலக்கரிச் சுரங்கத் தண்ணி ஓடைகளைச் செம்மஞ்சளாக்குகிறது. அங்கும் ஊர்ச்சங்கங்கள் சேர்ந்து, சுண்ணாம்புக்கல் வழியே தண்ணியை விட்டு அமிலத்தை முறிக்கின்றன. எங்கள் மண்ணில் அந்த வருத்தம் இல்லை, குப்பைதான். ஆகவே எங்களுக்குச் சாட்டுச் சொல்ல இடம் குறைவு.

இரண்டு கிடங்குகள் துப்புரவாகிவிட்டன. மூன்றாவதை ஐப்பசி மழைக்கு முன் முடிக்க வேண்டும்; பெயர் கொடுப்பவர்கள் உபசெயலாளரிடம் கொடுங்கள். கரை அரிக்காமல் நடுவதற்குப் பனம்விதை தேவை. என் வீட்டு விறாந்தையில் கொண்டுவந்து போடுங்கள், பன்றி வராமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

செயலாளர்