புதுக்குடி ஊராருக்கும் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்காரர்களுக்கும் ஒரு நன்றி மடல்

அன்புள்ள அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும்,

2023 டிசம்பர் 17 இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸில் வந்த ஏறக்குறைய 800 பேரில் நானும் ஒருவன். எங்கள் முகமெல்லாம் உங்களுக்கு நினைவிருக்காது. நீங்கள் போட்ட சோறு எங்களுக்கு மறக்கவில்லை.

முதல் நன்றி ஸ்டேஷன் மாஸ்டர் ஜாபர் அலி அவர்களுக்கு. ஸ்ரீவைகுண்டத்தில் வண்டி நின்றதும் பெட்டிக்குள் ஒரே முணுமுணுப்பு. மழைதானே, மெதுவாக ஓட்டிக்கொண்டு போனால் என்ன என்று ஆளாளுக்குப் பேசினோம். அப்புறம்தான் தெரிந்தது, செய்துங்கநல்லூர்ப் பக்கம் ஜல்லியெல்லாம் அரித்துப்போய்த் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை. இத்தனை பேர் எரிச்சலையும் தாங்கிக்கொண்டு வண்டியை விடாமல் பிடித்து வைத்தாரே, அதற்கு நெஞ்சுரம் வேண்டும். ரயில்வே பிற்பாடு அவருக்கு விருது கொடுத்ததில் எங்களுக்கும் சந்தோஷம்.

கொஞ்சம் பேரைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். அதற்குள் சாலையும் துண்டித்துவிட, மற்றவர்கள் வண்டியிலேயே மாட்டிக்கொண்டோம். ஸ்டேஷனுக்குப் பக்கத்திலிருக்கும் உங்கள் புதுக்குடியையும்தான் வெள்ளம் சூழ்ந்திருந்தது. ஆனாலும் வீட்டிலிருந்த அரிசியைக் கொண்டுவந்து கோயிலில் உலை வைத்தீர்கள். குழந்தைகளுக்குப் பால் வந்தது.

பந்தியை நடத்திய அக்காவின் பெயரைக் கேட்டுக்கொள்ளத் தோன்றவில்லை. இருக்கிற சோற்றை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "முதல்ல பிள்ளைங்க, அப்புறம் மாசமா இருக்கவங்க, வயசானவங்க" என்றார். அவ்வளவுதான் உத்தரவு. நடுவே ஒருவர் வரிசையை முறித்துக்கொண்டு முன்னால் வந்து சத்தம் போட்டார். அக்கா அவரைத் திட்டவில்லை. சாம்பார் வாளியை அவர் கையில் கொடுத்து, "இந்தப் பக்கம் நீங்க ஊத்துங்க அண்ணாச்சி" என்றார். கடைசி ஆள் சாப்பிடும்வரை அந்த மனிதர் வாளியைக் கீழே வைக்கவில்லை.

அம்பத்தூரில் ஒரு கிடங்கில் பதினைந்து பேரை மேய்க்கிற வேலை எனக்கு. தலைமைப் பண்பு வளர்க்க எங்கள் கம்பெனியில் வகுப்பெல்லாம் வைப்பார்கள், மதியம் பிரியாணியோடு. அதில் வாளியைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. இப்போது சத்தம் போடுகிற ஆளிடம்தான் அன்றைய சரக்கு இறக்கும் பொறுப்பைக் கொடுக்கிறேன். எப்போதும் பலிப்பதில்லை. ஒருத்தர் பொறுப்பையும் வாங்கிக்கொண்டு முன்னைவிடச் சத்தமாகக் கத்தினார். சரி, அக்காவின் கைப்பக்குவம் எல்லோருக்கும் வருமா?

19ஆம் தேதி எங்களைக் கரை சேர்த்த தேசியப் பேரிடர் மீட்புப் படையினருக்கும், வாஞ்சி மணியாச்சிக்குப் பஸ் ஓட்டி வந்தவர்களுக்கும், அங்கிருந்து சிறப்பு ரயில் விட்டவர்களுக்கும் நன்றி.

எங்கள் பெட்டியில் இருந்த சிலர் உங்கள் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வருவதாகப் பேசியிருக்கிறோம். வந்தால் இலை போட்டு உட்கார வைத்துவிடாதீர்கள். பரிமாறுகிற வேலையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணி ஒருவன், சென்னை