மாத்திரைய நிறுத்திடாத பாப்பா

பாப்பா,

நேத்து ராத்திரி நீ அம்மாகிட்ட பேசினது எனக்கும் கேட்டுச்சு, அம்மா ஸ்பீக்கர்ல போட்டுட்டு கீரை ஆஞ்சுகிட்டு இருந்தா, நான் ஹால்ல உக்காந்திருந்தேன். தைராய்டு மாத்திரைய விட்டு 20 நாள் ஆச்சு, காலைல வெறும் வயித்துல கொத்தமல்லி வெதை ஊறவச்ச தண்ணி குடிக்கிறேன், ஒண்ணும் பண்ணல, நல்லாத்தான் இருக்கேன், இனிமே எல்லாம் இயற்கையாவே பாத்துக்கப் போறேன், ஆயா செய்வாங்களே அந்த சுக்கு மல்லிப் பொடி, தூதுவளை, அமுக்கரா எல்லாம் அனுப்புங்கன்னு சொன்ன. அம்மாவும் சரிம்மான்னுட்டா. எனக்கு அதுக்கப்புறம் தூக்கமே வரல. ரெண்டு மணிக்கு எந்திரிச்சு திண்ணைல உக்காந்து யோசிச்சேன், உன்கிட்ட ஒரு விஷயத்த ஏழெட்டு வருஷமா மறச்சு வச்சிருக்கேன், அத இப்ப சொல்லலன்னா அப்பான்னு இருந்து என்ன பிரயோஜனம்னு தோணுச்சு. போன்ல பேசினா எனக்கு தொண்டை அடச்சிடும், அதான் டைப் பண்றேன்.

என் இடது கால்ல ரெண்டாவது விரல் போனது செங்கல் விழுந்து இல்ல பாப்பா. 2018ல நீ கோயம்புத்தூர்ல கடைசி செமஸ்டர் பரீட்சை எழுதிகிட்டு இருந்த, உன்கிட்டயும் தம்பிகிட்டயும் செங்கல்னு சொல்லச் சொன்னது நான்தான், அம்மா எனக்காகத்தான் பொய் சொன்னா. நடந்தது என்னன்னா, எனக்கு சுகர் மாத்திரை ஆறு வருஷமா ஓடிகிட்டு இருந்துச்சு, தினம் ரெண்டு வேளை போட்டு போட்டு ஒரு வெறுப்பு. பஸ் ஸ்டாண்ட் பக்கம் மாசத்துல ரெண்டு நாள் ரூம் போட்டு ஒருத்தர் சூரணம் குடுப்பாரு, என்கூட வேலை பாத்தவரு கூட்டிகிட்டு போனாரு. நாடி பாத்தாரு, நாக்க நீட்டச் சொன்னாரு, மூணு மாசக் கோர்ஸ் 9,000 ரூபா, ஆனா இங்கிலீஷ் மருந்த மொத்தமா விட்டாத்தான் இது வேலை செய்யும்னு சொன்னாரு. விட்டேன்.

இப்ப நீ சொல்ற அதே வார்த்தைதான் நானும் அன்னிக்கு சொன்னேன், நல்லாத்தான் இருக்கேன்னு. மூணு மாசத்துல 7 கிலோ இறங்கினேன், பேன்ட் எல்லாம் லூசாச்சு, பாக்கறவங்க எல்லாம் என்ன சார் இளச்சு சின்னப் பையன் மாதிரி ஆயிட்டீங்கன்னு சொன்னாங்க, எனக்கு அவ்ளோ சந்தோஷம். ராத்திரி நாலஞ்சு தடவை ஒண்ணுக்கு எந்திரிச்சேன், அவரு கழிவு எல்லாம் வெளிய போகுதுன்னு சொன்னாரு, நானும் நம்பினேன். சுகர் ஏறி உடம்பு தன் சதையையும் கொழுப்பையும் தின்னுகிட்டு இருக்கறதுதான் அந்த இளைப்பு, ரத்தத்துல மிஞ்சின சக்கரைய கிட்னி தள்றதுதான் அந்த ஒண்ணுக்குன்னு எனக்கு யாரும் சொல்லல, நானும் யாரையும் கேக்கல. நோய் முத்தறத நான் குணமாகுதுன்னு எடுத்துகிட்டேன் பாப்பா, இதுதான் எனக்கு இன்னிக்கும் ஆறாதது.

தேவனாம்பட்டினம் பீச்சுல வெறுங்கால்ல நடப்பேன்ல, ஏதோ சிப்பியோ கண்ணாடியோ குத்தியிருக்கு, எனக்குத் தெரியவே இல்ல. வீட்டுக்குள்ள வந்து நடந்தப்ப தரையெல்லாம் சொட்டு சொட்டா ரத்தம், அம்மாதான் பாத்துட்டு யாருக்கு அடிபட்டுச்சுன்னு கேட்டா. மஞ்சளும் சுண்ணாம்பும் கொழச்சுப் போட்டோம், சின்ன வயசுல எல்லாத்துக்கும் அதானே. அஞ்சாம் நாள் விரல் கறுத்துப்போச்சு. அன்னிக்கு டெஸ்ட் பண்ணா சுகர் 386. கோரிமேடு ஜிப்மர்ல சேத்தாங்க. அங்க ஒரு சின்ன டாக்டரம்மா, உன் வயசுதான் இருக்கும், நைலான் நூல் மாதிரி ஒண்ண வச்சு பாதத்துல அங்கங்க அழுத்தி கண்ண மூடிக்கோங்க, படறப்ப சொல்லுங்கன்னாங்க, நான் கண்ண மூடிகிட்டு காத்துகிட்டே இருந்தேன், அவங்க பத்து எடத்துல அழுத்தி முடிச்சிட்டாங்களாம், எனக்கு ரெண்டு எடம்தான் தெரிஞ்சுச்சு. மூணு மாச சராசரி பாக்கறாங்களே, ஆறரை தாண்டினாலே சுகர்னு சொல்ற அந்த டெஸ்ட், எனக்கு 11.8 வந்துச்சு. விரல எடுத்துட்டாங்க. அந்தப் பொண்ணு என்ன திட்டவே இல்ல, திட்டியிருந்தா கூட தேவலாம்னு இருந்துச்சு.

உனக்கு சுகர் இல்ல, தைராய்டுதான, ரெண்டும் வேற வேறன்னு நீ சொல்லுவ. நீ நல்லாத்தான் இருக்கேன்னு சொல்றதுக்கும் காரணம் இருக்கு, அது கொத்தமல்லி தண்ணி இல்ல. தைராய்டு மாத்திரை உடம்ப விட்டு மெதுவாத்தான் போகும், அதோட அளவு பாதியா குறையவே ஒரு வாரம் ஆகும், மிச்சத்துல பாதி குறைய இன்னொரு வாரம். அதனால விட்ட உடனே ஒண்ணும் தெரியாது. நீ இத்தன நாள் ஓட்டினது பழைய மாத்திரைல. இனிமேதான் அசதி வரும், முடி கொட்டும், மலச்சிக்கல், முகம் ஊதும், எல்லாரும் ஃபேன் போடுன்னா நீ மட்டும் குளிருதுன்னு போத்திக்குவ. முடி கொட்டுதுன்னு அம்மாகிட்ட நேத்தே சொன்ன, ஞாபகம் இருக்கா? கொத்தமல்லி நல்லது, வயித்துக்கு குளிர்ச்சி, குடி, நான் வேண்டாங்கல. ஆனா உன் சுரப்பி சுரக்காதத அது கொண்டுவந்து குடுக்காது.

அம்மா சொல்லச் சொன்னா, எனக்கு சொல்ல கூச்சமா இருக்கு, இருந்தாலும் சொல்றேன், நீயும் மாப்பிள்ளையும் குழந்தைக்கு யோசிக்கிறதா இருந்தா இது ரொம்ப முக்கியம், முதல் சில மாசம் குழந்தையோட மூளை வளர தாயோட தைராய்டத்தான் நம்பியிருக்கும்.

ஆயா கைவைத்தியத்துலயே நம்மள வளத்தாங்கன்னு நீ எப்பவும் பெருமையா சொல்லுவ, எனக்கும் அந்தப் பெருமை உண்டு, ஆனா ஆயாவப் பத்தி உனக்குத் தெரிஞ்சது பாதிதான். எனக்கு 9 வயசுல மஞ்சக்காமாலை வந்துச்சு, அப்ப நாங்க திருவதிகைல இருந்தோம். ஆயா வெடியக்காலைல கீழாநெல்லி பறிச்சு வேரோட அலசி அம்மில அரச்சு மோர்ல கலக்கிக் குடுப்பாங்க, எண்ணெ தாளிப்பு கெடையாது, மோர் சாதம்தான். மூணு நாள் அப்டி போச்சு. நாலாம் நாள் நான் பகல்லயே தூங்கிகிட்டே இருந்தேனாம், எழுப்பினா பேச்சு கொழறுதாம். ஆயா ஒரு நிமிஷம் கூட யோசிக்கல, அரச்சத அம்மிலயே போட்டுட்டு என்ன இடுப்புல தூக்கிகிட்டு பஸ் ஏறி மஞ்சக்குப்பம் பெரியாஸ்பத்திரிக்கு வந்துட்டாங்க. காமாலைல பேச்சு கொழறினா ஈரல் கைவிடுதுன்னு அர்த்தம்னு படிச்சவங்களுக்குத் தெரியும், எழுதப் படிக்கத் தெரியாத ஆயாவுக்கு அது எப்டி தெரிஞ்சுச்சுன்னு இன்னிக்கும் நான் ஆச்சரியப்படுறேன். சளி, வயித்துப் பொருமல், மேல் வலி இதெல்லாம் வீட்டுல, காய்ச்சல் மூணு நாள் தாண்டினா பஸ்ஸுன்னு வச்சிருந்தாங்க. அரைக்கிற கைக்கு விடவும் தெரிஞ்சிருந்துச்சு. இந்த யூடியூப்ல பேசறவங்க யாரும் எப்ப விடணும்னு சொல்றதே இல்ல, அதான் எனக்குக் கோவம்.

விரல் போனப்புறம் நான் பெரியாஸ்பத்திரில சித்தா பிரிவுக்கும் போனேன், அது உனக்குத் தெரியாது. அங்க இருந்த டாக்டர் முதல் கேள்வியே என்னென்ன மாத்திரை போடறீங்க, சீட்ட காட்டுங்கன்னுதான் கேட்டாரு. ஒண்ணையும் நிறுத்தச் சொல்லல. சிறுகுறிஞ்சான் நானா வாங்கி சாப்பிடலாமான்னு கேட்டேன், சுகர் மாத்திரையோட அதையும் சேத்தா சுகர் ரொம்ப எறங்கி மயக்கம் வரும், சொல்லாம எடுக்காதீங்கன்னாரு. முறையா படிச்ச சித்தா டாக்டர் அப்டித்தான் பேசுவாரு. மூலிகைக்கு வேகம் உண்டுன்னு நம்பறவன் அதுக்கு பயப்படவும் வேணும்ல.

சரி, பார்சல்ல என்னென்ன வச்சிருக்கேன்னு சொல்றேன். சுக்கு மல்லிப் பொடி அரைக்கிலோ, நானே இடிச்சது. சுக்க அப்டியே போடல, மேல்தோலு சீவிட்டுத்தான் போட்டேன், சுக்குக்கு புறணி நஞ்சு, கடுக்காய்க்கு அகணி நஞ்சுன்னு ஆயா சொல்லிகிட்டே சீவுவாங்க, சுக்குக்கு வெளித்தோலும் கடுக்காய்க்கு உள்ள இருக்கற கொட்டையும் ஆகாதுன்னு அர்த்தம். ஒரு பங்கு சுக்கு, ரெண்டு பங்கு மல்லி, கால் பங்கு மிளகு, நாலு ஏலக்கா, எல்லாத்தையும் தனித்தனியா வாசம் வர்ற வரைக்கும் லேசா வறுத்தது. ஒரு டம்ளர் தண்ணிக்கு அரை ஸ்பூன் போட்டு அது முக்கா டம்ளரா சுண்டினதும் கருப்பட்டி போட்டு எறக்கு, பால் ஊத்தாத, திரிஞ்சாலும் திரியும். சாயங்காலம் குடி, நைட் ஷிப்ட் அன்னிக்கு காபிக்கு பதிலா.

தூதுவளை நம்ம பின்பக்க வேலில படர்ந்ததுதான், முள்ள கத்திரிக்கோலால கிள்ளிட்டு நிழல்ல காயவச்சு அம்மா பொடி பண்ணியிருக்கா. ரசத்துல எறக்கறப்ப ஒரு ஸ்பூன் போடு, இல்லன்னா நெய்யில பெரட்டி சோத்துல பிசைஞ்சு சாப்பிடு. வடலூர் வள்ளலார் கரிசலாங்கண்ணியையும் தூதுவளையையும் உசத்தியா சொன்னவரு, நம்ம மாவட்டத்துக்காரரு, அதனாலயே எனக்கு அந்தச் செடி மேல ஒரு பாசம். பெரண்டைத் துவையல் ஒரு பாட்டில் இருக்கு, பெரண்டை கை அரிக்கும்னு அம்மா நல்லெண்ண தடவிகிட்டு நார் உரிச்சு, எண்ணெல நல்லா வதக்கி, புளி கூடவே வச்சிருக்கா, பிரிட்ஜ்ல வை. ஓமம் கொஞ்சம். நொச்சி எலை காஞ்சுபோகும், அதனால வைக்கல, கெடிலம் கரைல நெறைய இருக்கு, நீ வர்றப்ப பறிச்சுத் தரேன், அதுவரைக்கும் சளி அடச்சா வெறும் சுடுதண்ணில ஆவி புடி, பாத்திரத்த மடில மட்டும் வச்சுக்காத, கவுந்தா வெந்துபோகும். நல்லெண்ண ஒரு லிட்டர், சனிக்கிழமை லீவுல தேச்சுக் குளி, காய்ச்சுறப்ப நாலு மிளகு ஒரு சிட்டிகை சீரகம் போட்டு பொரிஞ்சதும் எறக்கி வெதுவெதுப்பா தேய்.

அமுக்கரா அனுப்பல. கோவிச்சுக்காத. அது தைராய்டு அளவ மாத்தும், உன் டாக்டரு வேணும்னா எடுத்துக்கன்னு சொன்னா நானே வாங்கி அனுப்புறேன். அதிமதுரமும் வைக்கல, அம்மாவுக்கு பிரஷர் இருக்கறதால நம்ம வீட்டுல இப்ப அது வாங்கறதே இல்ல, அது பிரஷர ஏத்தும்.

இன்னொண்ணு. நீ அங்க முடியாம இருந்தா இங்க சொல்றதே இல்ல, நான் உனக்கு மறச்ச மாதிரியே நீயும் எங்களுக்கு மறைக்கிற, இந்தக் குணம் என்கிட்டேந்துதான் உனக்கு வந்திருக்கு. ஆயா அப்பர் கதைய அடிக்கடி சொல்லுவாங்க, சூலை நோய் வந்து வயிறு முறுக்கினப்ப அவரு சைவத்த விட்டுட்டு இந்த நம்ம திருப்பாதிரிப்புலியூர்லதான் சமண மடத்துல இருந்தாராம், இங்க யாராலயும் தீக்க முடியல, ராத்திரியோட ராத்திரியா கெளம்பி திருவதிகைல இருக்கற அக்காகிட்ட போயிட்டாராம். இங்கேந்து 25 கிலோமீட்டர் இருக்கும். திலகவதியார் ஏன்டா விட்டுட்டுப் போனன்னு கேக்கல, திருநீறு குடுத்து கோயிலுக்குக் கூட்டிகிட்டு போனாங்களாம். ஆயா இந்த எடத்துல அழுவாங்க. வலி வந்தா மனுஷன் தன் மனுஷாள்கிட்ட போய்ச் சேரணும்னு சொல்லுவாங்க. நீ போன் போட்டா போதும் பாப்பா, நாங்க வந்துடுவோம்.

இப்ப நீ செய்ய வேண்டியது. நாளைக்கு உன் டாக்டருக்கு போன் போட்டு 20 நாள் விட்டுட்டேன்னு மறைக்காம சொல்லு, கொத்தமல்லி தண்ணியையும் சேத்து சொல்லு, எந்த அளவுல திரும்ப ஆரம்பிக்கணும்னு அவங்க சொல்லட்டும், விட்டதுக்கெல்லாம் சேத்து நீயா ரெண்டு ரெண்டா போட்டுடாத. காலைல எந்திரிச்சதும் வெறும் தண்ணில மாத்திரை, அப்புறம் ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் காபி, கொத்தமல்லி தண்ணி எதுவா இருந்தாலும். இரும்புச்சத்து மாத்திரையோ கால்சியமோ இருந்தா நாலு மணி நேரம் தள்ளிப் போடு, இல்லன்னா இது உடம்புல ஏறாது. ஆறிலேந்து எட்டு வாரத்துல திரும்ப ரத்தம் குடுத்து டெஸ்ட் பண்ணி எனக்கு ரிப்போர்ட்ட போட்டோ எடுத்து அனுப்பு.

நானும் தினம் ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி முகம் பாக்கற கண்ணாடிய தரைல வச்சு பாதத்த திருப்பித் திருப்பி பாக்கறேன், விரல் இடுக்கு வரைக்கும். பீச்சுக்கு இப்பவும் போறேன், ஷூ போட்டுகிட்டு. உனக்கு வேணும்னா இனிமே தினம் நான் பாத்ததும் நீ மாத்திரை போட்டதும் ஒருத்தருக்கொருத்தர் மெசேஜ் போட்டுக்கலாம்.

பார்சல் நாளைக்கு காலைல கொரியர்ல போடறேன், மூணு நாலு நாள்ல வந்துடும்னு சொன்னாங்க. துவையல் பாட்டில முதல்ல எடுத்து பிரிட்ஜ்ல வை. தம்பிகிட்ட விரல் விஷயத்த நானே சொல்லிக்கறேன், நீ சொல்லாத.

அப்பா